பச்சிளம் குழந்தையின் இடுப்பைப் பார்க்கும்போது

ஏற்காட்டில் எஸ்டேட் வீடுகளுக்குப் போகும் நர்ஸ் நான். இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா என்று பார்க்க, முதலில் குழந்தையைச் சுற்றிய துணியைத்தான் அவிழ்ப்பேன். குளிருக்குச் சுற்றட்டும், ஆனால் கால்களை நீட்டி இறுக்கக் கூடாது. தவளைக் கால்போல மடங்கி அகல இடம் வேண்டும்.

அப்புறம், பால் குடித்து அமைதியான குழந்தையைத்தான் தொட வேண்டும். அழுது விறைத்த காலில் எதுவும் தெரியாது. கையைச் சூடாக்கிக்கொண்டு, முழங்கால்களை மடக்கி மெதுவாக விரியுங்கள். ஒரு பக்கம் குறைவாக விரிந்தாலோ, மூட்டு ‘டொக்’கென்று நழுவினாலோ சேலத்துக்கு எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள்.

வயிற்றில் கால் கீழாக இருந்த குழந்தையா? பரிசோதனை சரியாக இருந்தாலும் 6 வாரத்தில் இடுப்பு ஸ்கேன் கேளுங்கள். இதை விட்டுவிடவே கூடாது.

இடுப்பு மூட்டு சரியாக அமர, கால்களை மடக்கி அகற்றி வைக்கும் பாவ்லிக் வார் போட்டபின் முழங்காலை நீட்டி உதைப்பது நின்றால், அன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.