கடைக்குள் நாய் வரட்டும், அடித்தட்டைத் தூக்கிவிடுங்கள்

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் புதிதாகப் புத்தகக் கடை போட்டிருக்கும் தம்பி ஒருவரைப் பார்க்கப் போனேன். வாசலில் 'நாய்களுக்கும் நல்வரவு' என்று பலகை. உள்ளே கால் வைத்ததும் என் கண் தரைக்குத்தான் போனது. அலமாரியின் கீழ்த்தட்டு தரையோடு ஒட்டிக்கிடந்தது. அதில் புத்தம்புதிய சிறுவர் நூல்கள். பக்கத்திலேயே நாய்க்குத் தண்ணீர்க் கிண்ணம். 11 வருஷத்துக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸில் நான் திறந்த கடையை அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து வைத்த மாதிரி இருந்தது. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கடிக்கிற நாயை உள்ளே விடாதே, கயிறில்லாமல் விடாதே என்பதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதைச் சொல்லப் போவதில்லை. நாய்களை வரவேற்கும் கடைக்காரர் செய்கிற மற்றத் தவறுகளைத்தான் சொல்கிறேன்.

தரையைத் தொடும் அடித்தட்டு

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் இருந்தார். அவருடைய நாய் மணி. பழுப்பு நிறம், நாட்டு நாய், பரம சாது. தினமும் சாயங்காலம் டீச்சரோடு வந்து கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். ஒரு நாள் சிறுவர் நூல் அலமாரியின் மூலையை முகர்ந்து பார்த்தது, காலைத் தூக்கியது. இரண்டு விநாடிதான். டீச்சர் துடித்துப்போனார். "பரவாயில்ல டீச்சர், நான் பாத்துக்கிறேன்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு, தரை துடைக்கும் வாசனைத் திரவத்தை ஊற்றி மோப் போட்டேன். மணமணவென்று ஆகிவிட்டது. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அங்கேதான் கோட்டை விட்டேன். வாசனை போய்விட்டது என்று முடிவு செய்தது என் மூக்கு. நாயின் மூக்குக்கு அது 'இங்கே மணி வந்து போனான்' என்ற கையெழுத்து. அடுத்த வியாழக்கிழமை, பின்னால் இருக்கும் அடுக்குமாடியிலிருந்து ஒரு சீன ஆன்ட்டியின் குட்டி நாய் வந்தது. நேராக அதே மூலைக்குப் போய், அதுவும் தன் கையெழுத்தைப் போட்டது. ஒரு மாதத்துக்குள் நாலு நாய். நான் நாலு தடவையும் மோப் போட்டேன், நாலு தடவையும் "பரவாயில்ல" என்றேன்.

மழைக்காலம் வந்தது. சாயங்காலம் இடியோடு மழை கொட்டி, கடைக்குள் ஈரக்காற்று தங்கும்போதெல்லாம் ஏதோ ஒரு வாடை. சாக்கடை என்று நினைத்து அஞ்சடியை, அதாவது கடைவாசல் நடைபாதையை, கழுவினேன். மூன்று வாரம் கழித்து, ஒரு அம்மா மகளுக்குக் கதைப் புத்தகம் கேட்டார் என்று அடித்தட்டில் ஒன்றை உருவினேன். முன்பக்கம் பார்க்க ஜோராக இருந்தது. அடிப்பக்கத்தில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் கோடு, தாள்கள் அப்பளம் மாதிரி நெளிந்து, பின்னட்டையில் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சணம். பக்கத்துப் புத்தகமும் அப்படியே. தாள் ஈரத்தைக் கீழிருந்து மேலே உறிஞ்சும், விளக்குத்திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி. நிமிர்த்தி அடுக்கிய புத்தகம் என்றால் பாதமே அதற்கு வாய். தூள்மரப் பலகையும் ஊதி வெடித்திருந்தது.

அத்தனையும் சென்னையிலிருந்து கப்பலில் வந்த சரக்கு. திருப்பி அனுப்ப வழியில்லை. 1,400 வெள்ளி (ரிங்கிட்)! அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு மகளை இழுத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மணி மேல் எனக்குத் துளிக் கோபம் இல்லை. அது நாய், நாய் செய்வதைச் செய்தது. நாலு தடவை மோப் போட்ட மடையன் மேல்தான் இன்றைக்கும் ஆத்திரம்.

நான் பிறகு கற்றுக்கொண்டது இதுதான். முதலில் பழைய நாளிதழை வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். தேய்க்கக் கூடாது, தேய்த்தால் பரவும். பிறகு செல்லப்பிராணிக் கடையில் விற்கும் என்சைம் திரவத்தை ஊற்றி, போத்தலில் எழுதியிருக்கும் நேரம்வரை அப்படியே ஊறவிடுங்கள். உடனே துடைத்தால் காசுதான் வீண். அமோனியா கலந்த எதுவும் ஆகாது, அதன் வாடை நாய்க்கு மூத்திரத்தை நினைவூட்டும். குளோராக்ஸ் மாதிரி பிளீச் பக்கம் போகவே போகாதீர்கள். மூத்திரத்தில் இருக்கும் அமோனியாவோடு அது சேர்ந்தால் கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற நச்சுப்புகை வரும்.

இதெல்லாம் வந்தபின் செய்வது. வருமுன் செய்வது ஒன்றுதான்: அடித்தட்டைத் தரையிலிருந்து ஓர் அடி தூக்குங்கள். என் அலமாரிகள் இப்போது இரும்புக் கால்களில் நிற்கின்றன. எவனாவது கையெழுத்துப் போட்டாலும் என்சைம் திரவம் போட்டுத் துடைத்தால் போய்விடும். 'வெளியே முடித்துவிட்டுத்தான் வந்தோம்' என்று சொல்லும் உரிமையாளரை நம்ப வேண்டாம். அவர் பொய் சொல்லவில்லை. அடையாளம் போடுவதற்கென்று ஆண் நாய் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கும்.

ஈர மூக்கு

என் கடையில் எழுதுபொருளும் உண்டு, நகல் எடுக்கும் இயந்திரமும் உண்டு. மலாய் மாணவர்கள் நிறைய வருவார்கள். ஒரு தடவை ஒரு நாய், வரிசையில் நின்ற பெண்ணின் புத்தகப் பையை நக்கிவிட்டது. நான் சிரித்துக்கொண்டே ஈரத் துடைப்பான் ஒன்றை நீட்டினேன். அந்தப் பெண் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் வரவும் இல்லை. நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில் என்பது இங்கே முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபு. இரு பக்கமும் காய்ந்திருந்தால் தொட்டதற்குக் கழுவ வேண்டியதில்லை. பக்கத்துக் கடைப் பாய்தான் பிறகு பொறுமையாக விளக்கினார். 2014 அக்டோபரில் பண்டார் உத்தாமாவில் முஸ்லிம்கள் நாயைத் தொட்டுப் பார்க்கும் நிகழ்ச்சி நடந்து, நாடே அதைப் பற்றிப் பேசியது. அதைச் செய்தியாகப் படித்தவன்தான் நான், ஆனாலும் என் கடைக்கு அது பொருந்தும் என்று புத்திக்கு எட்டவில்லை.

இப்போது செவ்வாய், வியாழன் மாலை 5 முதல் 7 வரைதான் நாய் நேரம். வாசலில் மலாயிலும் தமிழிலும் பலகை, எழுத்துக்குப் பக்கத்தில் நாய்ப் படம். நகல் இயந்திரம் இருக்கும் பக்கம் நாய் போகக் கூடாது. உள்ளே மண் சோப்பு ஒரு கட்டி எப்போதும் இருக்கும்.

ஊசி அட்டையைக் கேட்கக் கூச்சப்படுவது

2012-இல் மலேசியா வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கில் நோய் திரும்பி வந்தது, 2017-இல் சரவாக்கிலும் பரவியது. சாதுவான நாய் என்பதற்கும் ஊசி போட்ட நாய் என்பதற்கும் சம்பந்தம் இல்லை. கேளுங்கள். பல் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள், மஞ்சள் தடவிக்கொண்டு உட்காராதீர்கள்.

கயிற்றை நாள்காட்டி ராக்கில் கட்டுவது

இடி இடித்தது. நாய் ஓடியது. ராக்கும் பின்னாலேயே ஓடியது.

கல்லாவில் தின்பண்டம்

சாக்லேட், உலர்திராட்சை இரண்டும் நாய்க்கு விஷம். உரிமையாளரைக் கேட்காமல் எதையும் நீட்டாதீர்கள்.

தண்ணீர்க் கிண்ணம்

வெளியே, அஞ்சடியில்.

இதையெல்லாம் செந்தூல் தம்பியிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது சரிதாண்ணே, ஆனா நம்ம கடைக்கு வர்றது ரொம்ப நல்ல நாய்ண்ணே" என்றார். அந்த நல்ல நாய் அப்போது சிறுவர் நூல் மூலையை முகர்ந்துகொண்டிருந்தது.