முதல் முறை ரத்தம் கொடுக்கப் போகிறீர்களா? பயத்தைப் படிப்படியாகக் குறைக்கலாம்

"உடம்பில் இருக்கிற ரத்தமே போதவில்லை, இதில் தானம் வேறா?" என்று வீட்டில் கேட்பார்கள். அவர்களுக்குக் கணக்கைச் சொல்லுங்கள். பெரியவர் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. எடுப்பது 350 மில்லி. எடை 55 கிலோவுக்கு மேல் இருந்தால் 450 மில்லி வரை எடுக்கலாம். அதன் நீர்ப்பகுதி ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணுக்கள் நிறையச் சில வாரங்கள் ஆகும். அதற்காகத்தான் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி.

1. கிளம்புவதற்கு முன்

வயது 18 ஆகியிருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும். ஒரு வருடத்துக்குள் பச்சை குத்தியிருந்தால் காத்திருங்கள். மாத்திரை எதுவும் சாப்பிட்டால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரத்தப் பரிசோதனைக்குப் போகிற நினைப்பில் வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, ரத்தம் கொடுக்க அரை மணி நேரத்துக்கு முன் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள்.

2. விரல் நுனியில் ஒரு குத்து

ரத்தத்தில் ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) போதுமான அளவு இருக்கிறதா என்று முதலில் சோதிப்பார்கள். சில இடங்களில் சின்ன மெஷினில் பார்ப்பார்கள். சில இடங்களில் நீல நிறக் காப்பர் சல்பேட் கரைசலில் உங்கள் ரத்தத்தில் ஒரு சொட்டு விடுவார்கள். சொட்டு விறுவிறுவென்று அடியில் போய் உட்கார்ந்தால் ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையவில்லை என்று அர்த்தம். மிதந்தால் அன்று எடுக்க மாட்டார்கள். மனம் உடைய வேண்டாம், ரத்தசோகை இருக்கிறதா என்று டாக்டரைப் பாருங்கள். இந்தச் சோதனை இருப்பதே உங்களைக் காப்பாற்றத்தான்.

3. ஊசி

ஊசி கொஞ்சம் தடிமன்தான், பொய் சொல்ல மாட்டேன். சுருக்கென்று இருக்கும், சில நொடிகளில் அடங்கிவிடும். நோய் தொற்றுமோ என்று பயப்படவே வேண்டாம். ஊசி, ரத்தம் சேரும் புதுப் பையோடு சேர்ந்தே வருகிறது, உங்களுக்குப் பிறகு அது யாருக்கும் போவதில்லை. சந்தேகம் இருந்தால் பையைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள்.

மயக்கம்தான் பலருக்குப் பெரிய பயம். ரத்தம் குறைவதை விட, பதற்றத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால்தான் பெரும்பாலும் தலை சுற்றுகிறது. அதற்கு ஒரு வழி உண்டு: கால்களைப் பின்னிக்கொண்டு தொடையை இறுக்குங்கள், ஐந்து நொடி கழித்து விடுங்கள், மறுபடி இறுக்குங்கள். காலில் தங்கும் ரத்தம் மேலே ஏறும். மூச்சை மட்டும் அடக்காதீர்கள். அப்படியும் கண் இருட்டினால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திவிடுவார்கள், சரியாகிவிடும். பை நிறையப் பத்து நிமிடம்கூட ஆகாது.

4. முடிந்த பிறகு

கையை மடக்காமல் நீட்டியே வைத்துப் பஞ்சை அழுத்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் படுத்திருந்து, ஜூஸும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, அப்புறம் மெதுவாக எழுந்திருங்கள். அன்று அந்தக் கையால் தண்ணீர்க் குடம் தூக்க வேண்டாம். ஊசி போட்ட இடம் கன்றி நீலமானால் முதல் நாள் ஐஸ் ஒத்தடம் கொடுங்கள். கொஞ்ச நாளில் மஞ்சளாகி மறைந்துவிடும். வீக்கமோ வலியோ கூடிக்கொண்டே போனால் ரத்த வங்கிக்கே போன் போட்டுக் கேளுங்கள்.