மாரியில் ஈரம் குடித்த விசிறி

கல்லடியில் நானும் மச்சானும் கட்டிய பராமோட்டருக்கு (துணிச் சிறகோடு பறக்க முதுகில் மாட்டும் விசிறி எஞ்சின்) மாரி முடிந்ததும் ஒரு நடுக்கம் வந்தது. தரையில் கட்டிவைத்து ஓட்டினாலே நட்டுகள் தளர்ந்தன. மச்சான் கார்புரேட்டரைக் கழற்றுவோம் என்றான். எனக்குச் சந்தேகம் மர விசிறியில்தான். பக்கத்து ஓடாவியார் நுனியைத் தடவிப் பார்த்து, "தம்பி, வார்னிஷ் போயிட்டு. மரம் தண்ணி குடிச்சிருக்கு" என்றார். கடற்கரை மணல் அரித்த இடத்தில் நகம் பதிந்தது.

1.2 மீட்டர் விசிறி நிமிடத்துக்கு 2400 முறை சுற்றும்போது, ஒரு நுனியில் 5 கிராம் கூடினாலே ஏறத்தாழ 19 கிலோ பாரம் இழுப்பதுபோல விசை வரும். முதுகில் சுமந்து பறக்கிற இயந்திரத்துக்கு இது விளையாட்டில்லை.

விசிறியை நிழலில் படுக்கையாக வைத்துக் காயவிட்டோம். நெட்டுக்குத்தாக வைத்தால் ஈரம் கீழ் இறகுக்கு இறங்கும். நுனிகளை வார்னிஷால் அடைத்தோம். பிறகு நடுத் துளையில் நேரான இரும்புக் கம்பியைச் செருகி, நீர்மட்டம் பார்த்த இரண்டு தகட்டு விளிம்புகளில் வைத்தோம். பாரமான இறகு தானாகக் கீழே போனது. இலேசான பக்கத்துக்கு இன்னொரு பூச்சு, காயவிடுதல், மறுபடி பார்த்தல். எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நின்ற பிறகுதான் மாட்டினோம். 1903இல் ரைட் சகோதரர்களும் விசிறியை மரத்தில் கையால்தான் செதுக்கினார்கள். அந்தப் பொறுமைமேல் எனக்குப் பெரிய மரியாதை.

நடுக்கம் போய்விட்டது. பறக்க அனுமதி கிடைக்கும்வரை தரையில் மட்டும்தான் ஓட்டுகிறோம்.