உயரமான ஓடுபாதையில் பிஸ்டன் எஞ்சின்: விமானிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள லெட்வில் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 9,934 அடி உயரத்தில் இருக்கிறது. தாழ்நிலத்தில் பயின்ற விமானி அங்கே செய்யக்கூடிய முதல் தவறு, அந்த எண்ணை மட்டும் நம்பிப் புறப்படுவதாகும். எஞ்சினின் திறனைத் தீர்மானிப்பது சிலிண்டருக்குள் புகும் காற்றின் அடர்த்தி. அது உயரத்தால் குறைவதுபோல் வெப்பத்தாலும் குறையும். நியம வளிமண்டலக் கணக்கின்படி அவ்வுயரத்தில் வெப்பநிலை சுழியத்துக்கு 5 டிகிரி செல்சியஸ் கீழே இருக்க வேண்டும். கோடைப் பிற்பகலில் அது 20 டிகிரியாக இருந்தால், கூடுதலான ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 120 அடி சேர்ந்து, அடர்த்தி உயரம், அதாவது அந்தக் காற்றின் அடர்த்திக்கு நியமக் கணக்கில் ஈடான உயரம், 13,000 அடியை நெருங்கிவிடும். கடல் மட்டத்தில் 180 குதிரைத்திறன் தரும், டர்போசார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத எஞ்சின் அப்போது சுமார் 115 மட்டுமே தரும்.

இதைவிட எனக்குக் கவலையளிப்பது எரிபொருளும் காற்றும் சேர்ந்த கலவை பற்றிய பழக்கம். புறப்படும்போது கலவை முழுச் செறிவில் (எரிபொருள் மிகுந்த நிலையில்) இருக்க வேண்டும் என்று தாழ்நிலப் பயிற்சியில் மனத்தில் பதிந்த விதி, மலை நிலையத்தில் தீங்காகிறது. எரிபொருளைக் காற்றுடன் கலக்கும் கார்புரேட்டர், காற்று மெலியும் அளவுக்கு எரிபொருளைக் குறைப்பதில்லை. ஆதலால் கலவை மிகையாகச் செறிந்து, ஏற்கெனவே குன்றிய திறன் மேலும் குன்றும், ஸ்பார்க் பிளக்குகளில் கரியும் படியும். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தின் கையேடு, 3,000 அடிக்கு மேற்பட்ட நிலையங்களில், விமானத்தை நிறுத்தியபடியே திராட்டிலை (எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் அடைப்பானை) முழுவதும் திறந்து, சுழற்சி வேகம் உச்சத்தை எட்டும் வரை கலவையை மெலிதாக்கச் சொல்கிறது. தாழ்நிலத்துக்குத் திரும்பி இறங்கும்போது கலவையைப் படிப்படியாகச் செறிவாக்க மறந்தால், அடர்ந்த காற்றுக்கு எரிபொருள் போதாமல் எஞ்சின் தடுமாறும்.

திராட்டில் முழுவதும் திறந்தும் உள்ளிழுப்புக் குழாயின் அழுத்தமானி 20 அங்குலப் பாதரச அழுத்தத்தையே காட்டுவது பழுதன்று. அங்கு வெளிக்காற்றின் அழுத்தமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

தரை விரைந்து பின்னோடுவதைக் கண்டு, வேகமானியைப் பாராமல் மூக்கை உயர்த்துவது பேராபத்து. மானி 55 நாட் (மணிக்கு 55 கடல் மைல்) காட்டும்போது, அந்த மெலிந்த காற்றில் உண்மை வேகம் 67 நாட் அளவில் இருக்கும். எனினும் இறக்கைக்குத் தேவையான தாங்குவிசை மானியின் 55இல்தான் கிடைக்கும்.

டர்போசார்ஜர் இருந்தால் கவலையில்லை என்பதும் அரை உண்மையே. அது குறிப்பிட்ட உயரம் வரை எஞ்சினின் திறனைக் காக்கும். இறக்கையும் புரொப்பல்லரும் மெலிந்த காற்றிலேயே இயங்குவதால் புறப்பாட்டு ஓட்டம் நீளத்தான் செய்யும். ஆகவே அத்தகைய விமானத்துக்கும் அன்றைய வெப்பநிலைக்குரிய புறப்பாட்டு அட்டவணையைப் பார்த்தாக வேண்டும். ஓடுபாதை போதாதெனில் எரிபொருளையோ சுமையையோ குறைக்க வேண்டும், அல்லது விடியற்காலைக் குளிர் வரை காத்திருக்க வேண்டும்.