ஸ்டீராய்டு மாத்திரையும் மணியின் மூத்திரமும்: வீட்டிலேயே அளப்பது எப்படி?

எங்கள் நாய் மணிக்கு அரிப்புக்காக பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் நாள் காலை, ஹாலில் ஒரே குளம். எட்டு வருடமாக வாசலைத் தாண்டித்தான் மூத்திரம் போனவன். திட்டிவிட்டேன், பாவம். இந்த மாத்திரை தாகத்தைக் கூட்டும், மூத்திரமும் கூடும் என்று அப்புறம்தான் தெரிந்தது.

எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று அளக்க, முதலில் நாயின் எடை பாருங்கள். நாய் பொதுவாகக் கிலோவுக்கு 50, 60 மி.லி. தண்ணீர் குடிக்கும், நாளுக்கு 100-ஐத் தாண்டினால் அதிகம். மணி 12 கிலோ, ஆக அவனுக்கு வரம்பு 1,200 மி.லி.

அடுத்து, காலை ஆறு மணிக்கு இரண்டு லிட்டர் அளந்து வைத்து, மறுநாள் அதே நேரம் மிச்சத்தைக் கழியுங்கள். நான் சறுக்கியது இங்கேதான். கணக்கு 500 மி.லி. என்றது. நிம்மதியாகப் படுத்தால், ராத்திரி பின்கட்டில் 'சளக் சளக்'. பாத்திரம் கழுவும் அண்டாவுக்குள் மணியின் தலை! அண்டாவை மூடி, பாத்ரூம் கதவையும் சாத்திவிட்டு அளந்தால் 1,650. அளக்க, கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடியே போதும். எவர்சில்வர் சொம்பு சேலத்துக்காரர்களுக்குச் செல்லம்தான், ஆனால் உள்ளே கோடு கிடையாது.

மூத்திரம் வெளுத்து, நிறையப் போனால் பெரும்பாலும் மாத்திரை வேலை. சொட்டுச் சொட்டாக, முக்கிக்கொண்டு, சிவப்பாகப் போனால் தொற்றோ கல்லோ இருக்கலாம். ஸ்டீராய்டு தொற்றின் அறிகுறியை மறைத்துவிடவும் செய்யும், அதனால் கண்ணை நம்பாமல் யூரின் டெஸ்ட் எடுங்கள். காலை முதல் மூத்திரத்தில், பாதியில் ஒரு சுத்தமான நீளக் கரண்டியை நீட்டுங்கள். (அந்தக் கரண்டி இனி மணிக்கே சொந்தம்.) சீக்கிரம் லேபுக்குப் போக முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

தண்ணீரைக் குறைக்காதீர்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். எங்கள் டாக்டரும் அளவை மெல்லக் குறைத்தார், ஹால் காய்ந்தது. பசியும் ஏறும், தட்டுவடை செட்டைப் பார்த்துக் கெஞ்சும். கொடுக்காதீர்கள், அதிலுள்ள வெங்காயம் நாய்க்கு ஆகாது.

பிற்சேர்க்கை: ஏற்காட்டிலிருந்து ஒருவர், நாய் எஸ்டேட் ஓடையில் குடித்துவிட்டு வருகிறது, எப்படி அளப்பது என்று கேட்டார். அளக்கும் அந்த ஒரு நாள் கயிற்றோடுதான் வெளியே கூட்டிப் போக வேண்டும். இன்னொருவரின் ஆண் நாய் முக்கியும் ஒரு சொட்டு வரவில்லையாம். அதற்கு அளவு, ஜாடி எதுவும் வேண்டாம், அந்த நிமிடமே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.