வெனீருக்குப் பசை: சன்மைக்கா பழக்கத்தில் வரும் தவறுகள்

சன்மைக்கா ஒட்டிப் பழகிய கை, பலகை மேல் ஒட்டும் மெல்லிய மர ஏடான வெனீருக்கும் ரப்பர் பசையைத்தான் தேடும். இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வரை காயவிட்டு, வைத்து அழுத்தினால் முடிந்தது, கிளாம்ப் தேவையில்லை. பாதித் தொல்லை இந்தச் சௌகரியத்தால் வருவதுதான்.

சன்மைக்காவைத் தாண்டி, பாலிஷை இளக்கக் கலக்கும் தின்னர் இறங்காது. வெனீரோ ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் மரம், அதுவும் துளை நிறைந்த மரம். மேலே அடிக்கும் மெலமைன் பாலிஷில் இருக்கும் தின்னர் அதன் வழியே இறங்கி, அடியில் உள்ள ரப்பர் பசையை இளக்கிவிடும். அங்கங்கே கொப்புளம் எழும். அதில் தப்பினாலும் அந்தப் பசை கல் போல இறுகாது. மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மரத்தைப் பிடித்து நிறுத்த அதற்குத் தெம்பு கிடையாது. நாளடைவில் ஜாயின்ட் விரியும். பின்னால் காகிதம் ஒட்டி வரும் வெனீர் என்றால் ஓரளவு தாங்கும். 4 மி.மீ. தேக்குப் பிளை வேறு கதை, அந்தக் கனத்தைத் தாண்டித் தின்னர் இறங்குவதில்லை.

சரி, வெள்ளை ஃபெவிகால்? தாராளமாகப் போடலாம், ஆனால் அதில் தண்ணீர் இருக்கிறது. வெனீரில் தடவினால் சுருண்டுகொள்ளும். பலகையில் மட்டும் ரோலரால் மெல்லிசாக, திட்டு விடாமல் தடவ வேண்டும். அதிகமானால் துளை வழியே மேலே கசியும், அந்த இடத்தில் மரத்துக்கு நிறம் கொடுக்கும் ஸ்டெயின் ஏறாமல் வெளிறிய புள்ளி நிற்கும். கசிந்த பசையில் பழைய செய்தித்தாளும் ஒட்டிக்கொள்ளும் என்பதால், அழுத்தும் பலகைக்கு அடியில் பாலித்தீன் விரிப்பதே நல்லது. நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தம் வர வேண்டும். நான்கு மூலையில் மட்டும் கிளாம்ப் போட்டால் நடுவில் பசை தேங்கிவிடும்.

முண்டும் முடிச்சுமான பர்ல் வெனீர், வளைவு வேலை இவற்றுக்கு இறுக வைக்கும் ஹார்டனர் கலக்கும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசைதான் என் தேர்வு. விறைப்பாக இறுகும், நகராது. நெடி கடுமை; காற்றோட்டமும் மாஸ்க்கும் கட்டாயம்.

எந்தப் பசையானாலும், தனிப் பலகையின் ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் அது வளையும். பின்பக்கமும் ஒரு மலிவு வெனீரை அதே பசையால் ஒட்டிவிடுங்கள். அப்புறம், பாலிஷுக்கு முன் நகத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் சத்தம் கேட்டால் ரேகையோடு பிளேடால் கீறி, ஊசியால் பசை ஏற்றி அழுத்திவிடலாம். பாலிஷுக்குப் பிறகு அதே வேலை தழும்பாகத் தெரியும்.