எழுவாய் எங்கே தொலைந்தது: ஆங்கில வாசிப்புப் பயிற்சியில் என் அனுபவம்

சீனாவின் செங்டு நகரில், காவோகாவோ எனப்படும் தேசியக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் மேல்நிலை மாணவர் ஒருவருக்கு இணையவழியில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். தேசிய ஆங்கில வினாத்தாளில் 150 மதிப்பெண்ணில் 50 வாசிப்புக்கு உரியவை. சொற்கள் தெரிந்திருந்தும், நான்கு உரைப்பகுதிகளில் கடைசி இரண்டில் அவர் தொடர்ந்து தவறினார். சொற்பட்டியலை நீட்டினோம், பலனில்லை. கடிகாரம் வைத்து வேகமாக வாசித்ததில் பிழைகள் கூடின.

தவறிய வினாக்களுக்குரிய வாக்கியங்களை மட்டும் தனியே எழுதி அடுக்கியபோதுதான், பெரும்பாலானவற்றில் எழுவாய்க்கும் முதன்மை வினைக்கும் நடுவே பெயரை விளக்கும் நீண்ட அடைத்தொடர் ஒன்று புகுந்திருப்பது தெரிந்தது. தமிழைப் போலவே சீனத்திலும் அடைத்தொடர் பெயருக்கு முன்னால் வரும். ஆங்கிலத்தில் அது பின்னால் வருவதால், வினையை ஒட்டி நின்ற பெயரையே அவர் எழுவாயாகக் கொண்டிருந்தார்.

முதன்மை வினையை அடிக்கோடிட்டு, இடையில் வருவதை அடைப்புக்குறிக்குள் இட்டு, எஞ்சியதை மட்டும் முதலில் வாசிக்கச் சொன்னேன். சீன வினைகள் காலத்துக்கேற்ப உருமாறாதவை என்பதால், இறந்தகால வினைபோலத் தோன்றும் ஆங்கில எச்சத்தைப் பிரித்தறியக் கூடுதல் பயிற்சி தேவைப்பட்டது. இப்போது கடைசி உரைப்பகுதியிலும் விடைகள் சரியாக வருகின்றன, பெரும் நிம்மதி. ஏழு வாக்கியங்களில் ஐந்தைத் தேர்ந்து நிரப்பும் பகுதிக்கு மட்டும் இம்முறை போதாது. அங்கே சுட்டுப்பெயர் முன்வாக்கியத்தில் எதைக் குறிக்கிறது என்று தேட வேண்டும்.